சுபாவம் மோசம்

வக்கீல் ஆவதற்குச் சட்டம் படித்தால் போதும் என்றுதான் ஐந்து வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, நல்லவளாகவும் இருக்க வேண்டுமாம். சும்மா நல்லவளாக இருந்துவிட்டாலும் போதாது. நான் நல்லவள் என்று இரண்டு வக்கீல்களும் ஒரு போலீஸ் ஸ்டேஷனும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள்களோடு எர்ணாகுளத்துக்குப் போனால்தான் பெயரைப் பதிவு செய்வார்கள், கறுப்பு கவுன் போடலாம், கோர்ட்டில் வாயைத் திறக்கலாம். வாயைத் திறக்க முடியாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வக்கீல்கள் இருவரும் எனக்கு ஒரு சிரமமும் கொடுக்கவில்லை. முதல் ஆள் என் சீனியர். அவர் ஆபீசில் நான் உட்காரத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "இவரை எனக்கு ஐந்து வருடங்களாக நன்கு தெரியும்" என்று அவர் சொல்லச் சொல்ல நானேதான் டைப் செய்தேன். இரண்டு மாசம்தானே சார் என்றேன். இரண்டு மாசத்தில் ஒருத்தியை நல்லவள் என்று சொன்னால் எவன் நம்புவான் என்று கேட்டார். பாயிண்ட் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது ஆள் எதிர் அறை வக்கீல். தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மோள்டெ பேர் எந்தா?" என்று அப்புறம்தான் என் பெயரை விசாரித்தார். ஆக, என் ஒழுக்கத்தின் மூன்றில் இரண்டு பங்கு காலை டீ ஆறுவதற்குள் நிரூபணமாகிவிட்டது.

மீதி ஒரு பங்குக்கு ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கும் என்றார்கள். எங்கள் வீடு என்பது போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கம் கொஞ்சம் உள்ளே, தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் ஒரு கதவு. ஒரே கூரையின் கீழ் எட்டுக் குடும்பங்கள். அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே தவறிவிட்டார். அம்மா கொழுந்து கிள்ளித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அவளிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"போலீசு வந்து என்னயப் பத்திக் கேப்பாங்க. பயப்படாத. உள்ளத உள்ளபடி சொல்லு."

என் வாழ்க்கையில் நான் தயார் செய்த முதல் சாட்சி அம்மா. இன்றைக்கு என்றால் இப்படி ஒரு அறிவுரையை எந்தச் சாட்சிக்கும் கொடுக்க மாட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு ஏட்டு. நான் அப்போது சீனியர் ஆபீசில் இருந்தேன். அம்மா சாயங்காலம் சந்தோஷமாகச் சொன்னாள்.

"நல்ல மனுசன்டி. மலையாளத்தாருதான், ஆனா தமிழு என்னமா பேசுறாரு! கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன். பாதிதான் குடிச்சாரு. என்னமோ அவசர சோலியாம், எந்திரிச்சுப் போயிட்டாரு."

"என்னம்மா கேட்டாரு?"

"உன்னயப் பத்தித்தான். நீ சொன்னபடியே உள்ளதச் சொல்லிட்டேன்."

நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்கு நாள் கழித்து, சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். அதே ஏட்டுதான் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகப்போகிற வயது, நரைத்த மீசை. என் பெயரைச் சொன்னதும் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். எல்லையில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர், தமிழ்ப் படங்கள் ஒன்று விடாமல் பார்ப்பவர். எனக்கு மலையாளம் தெரியும் என்று சொல்லியும் கேட்காமல் தமிழிலேயே பேசினார். பிள்ளை என்று கூப்பிடுகிற 'கொச்சே' மட்டும் மலையாளம்.

"கொச்சே, நான் தமிழ் பிரமாதமா பேசும். அதனால தப்பா கேட்டேன்னு நீ சொல்லக் கூடாது. அம்மாவே இப்படிச் சொன்னா நான் என்ன செய்யும்?"

தாளைத் திருப்பிக் காட்டினார். மலையாளத்தில் ஒரு கட்டம் அச்சடித்திருந்தது: ஸ்வபாவம். அதற்கு எதிரே அழகான கையெழுத்தில் இரண்டு சொல்: வளரெ மோசம். அதாவது, ரொம்ப மோசம்.

மலையாளத்தில் ஒரு பெண்ணின் ஸ்வபாவம் மோசம் என்று எழுதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நடத்தை கெட்டவள். வக்கீல் பதிவு இருக்கட்டும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு பஸ்ஸில்கூட ஏற முடியாது.

ஏட்டு பாவம், நியாயமான மனிதர். தன் நோட்டைப் பார்த்து நடந்ததை வரி வரியாகச் சொன்னார். "மகளோட சுபாவம் எப்படி?" என்று இவர் கேட்டிருக்கிறார். ஸ்வபாவம் என்கிற சொல்லில் ஓர் எழுத்தைக் குறைத்தால் தமிழ் ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டில் சுபாவம் என்றால் குணம். குணத்திலும் குறிப்பாகக் கோபம். அம்மா பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

"அத ஏன்யா கேக்குறீங்க. ரொம்ப மோசம்."

"ரொம்ப மோசமா?"

"சின்னதுலருந்தே அப்படித்தான். நானும் அடிச்சுப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன். காலேசுக்குப் போனா மாறிருவான்னு நெனச்சேன். கூடித்தான் போச்சு."

ஏட்டு இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, ஆண்களிடமா என்று கேட்டிருக்கிறார்.

"ஆம்பள பொம்பளன்னு பாக்க மாட்டாய்யா. யாரா இருந்தாலும் விட மாட்டா."

அதற்கு மேல் கட்டஞ்சாயா அவர் தொண்டையில் இறங்கவில்லை.

நான் விளக்கினேன். மலையாளத்தில் விளக்கினேன், தமிழில் விளக்கினேன், நடுவே இங்கிலீஷிலும் கொஞ்சம். அவர் தலையாட்டினார். புரிந்தது, ஆனால் அம்மா சொன்னதை அம்மாதான் மாற்றிச் சொல்ல வேண்டும், வந்து ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் தாள் எர்ணாகுளம் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குப் புதன். தவறினால் அடுத்த பதிவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட, மோசம் என்கிற சொல் ஒரு தடவை மேலே போய்விட்டால் அப்புறம் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று சீனியர் போனில் சொன்னார். ஐந்து வருஷமாகத் தெரிந்தவர் அல்லவா, உண்மையிலேயே கவலைப்பட்டார்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு லீவு சொல்லி, ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பாடம் நடத்தினேன். அம்மா ஜன்னல் வழியே வேறு எஸ்டேட்டின் செடிகளைப் பார்த்து, சரியாகக் கவாத்து வெட்டவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஏட்டு மரியாதையாக நாற்காலி போட்டார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"சேச்சி, ஒண்ணும் இல்ல. 'என் மகளோட சுபாவம் நல்லது' அப்படி எழுதி ஒரு ஒப்பு. அவ்வளவுதான்."

அம்மா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அது எப்படிய்யா எழுதுறது? வாயில ஒண்ணு சொன்னாக் காத்தோட போயிரும். எழுத்துல பொய் சொல்லக் கூடாதுல்ல."

"அம்மா!" என்றேன்.

"நீதானடி உள்ளத உள்ளபடி சொல்லுன்ன?"

"மலையாளத்துல சுபாவம்னா நடத்தைம்மா. ஜீப்புல அம்புட்டு நேரம் சொன்னேன்ல?"

"அப்ப நடத்தைன்னு கேக்க வேண்டியதுதான? நடத்தை வேற, சுபாவம் வேற. உனக்கு ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்ல."

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். எழுந்து நின்றேன். என் வருஷங்கள், என் படிப்பு, நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஒரு சொல்லுக்காக என் தலையில் மண்ணை அள்ளிப் போடுகிறாயே என்று ஸ்டேஷன் கூரை அதிரக் கத்தினேன். லாக்கப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

அம்மா அசையவில்லை. ஏட்டைப் பார்த்துக் கையை மட்டும் விரித்தாள்.

"பாத்தீங்களாய்யா?"

"மனசிலாயி," என்றார் ஏட்டு. புரிந்தது என்று அவ்வளவு மனப்பூர்வமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் உட்கார்ந்தேன். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏட்டு சும்மா இருக்காமல், இந்தக் கோபத்தில் யாரையாவது அடித்ததுண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டு வைத்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. கேட்க ஆள் கிடைத்தால் அவள் சொல்லுகிற கதை ஒன்று உண்டு, அதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"ஏன்டி மிதிக்கிற?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

நான் பத்தாவது படித்தபோது நடந்தது அது. கொழுந்து கிள்ளும்போது அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. ஒன்று இரண்டு இல்லை, கூடே கலைந்துவிட்டது. முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிவிட்டன, மூச்சு இழுத்தது. எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு பூட்டியிருந்தது, கம்பவுண்டர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். ஆம்புலன்ஸ் ஜீப் வாசலில் நின்றது, டிரைவரும் நின்றார். ஜீப் சாவி உள்ளே சுவரில் ஆணியில் தொங்கியது. ஜன்னல் கண்ணாடி வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. மேனேஜரிடம் கேட்க ஆள் போயிருக்கிறது, இரு, இரு என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த நான் இருக்கவில்லை. கல்லை எடுத்தேன். கண்ணாடி போனது. சாவி வந்தது. போடிமெட்டு வளைவுகளில் ஜீப் இறங்கி, போடி ஆஸ்பத்திரியில் அம்மா பிழைத்தாள்.

கதையைக் கேட்கிற யாரும் என் பக்கம்தான் நிற்பார்கள். ஆனால் பூட்டிய கட்டடத்தின் கண்ணாடியை உடைத்து உள்ளே கைவிட்டுச் சாவியை எடுப்பது என்ன குற்றம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் நான் பாஸான பாடம். அதை ஒரு போலீஸ்காரரிடம், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து, தாள் போய்ச் சேர வேண்டியதற்கு முதல் நாள் என் சொந்த அம்மா விவரித்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ கண்ணாடி உடைச்சது இந்தக் கொச்சா?"

"இல்லய்யா," என்றாள் அம்மா. "நான்தான்."

நானும் ஏட்டும் அவளைப் பார்த்தோம்.

"எஸ்டேட்டு ஆபீசுல அப்படித்தான் எழுதிருக்கு. வேணும்னாப் போயிப் பாருங்க. ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும் மேனேசர் கூப்புட்டாரு. யாரு ஒடச்சான்னு கேட்டாரு. நான்தான்னேன். கண்ணு ரெண்டும் மூடிக் கெடந்துச்சே, எப்படிம்மா ஒடச்சன்னாரு. குத்துமதிப்பா எறிஞ்சேன்னேன். சிரிச்சாரு. சிரிச்சுட்டு, இனிமே இப்படிச் செய்யக் கூடாதுன்னு ஒரு மெமோ குடுத்து, நான்தான் ஒடச்சேன்னு கையெழுத்தும் வாங்குனாரு. ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாதுன்னாரு. நடத்தை சரியில்லன்னு என் பேருலதான் இருக்கு. இவ பேருல ஒண்ணும் இல்ல. அதுனாலதான் சொல்றேன், இவ நடத்தை தங்கம்."

எனக்கு இது தெரியாது. எட்டு வருஷமாகத் தெரியாது. யாரோ பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். அந்த ஒரு வாரம் அம்மா காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

என் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க நான் முறைத்துக்கொண்டிருந்தேன். ஏட்டு தொண்டையைச் செருமினார். பிரமாதமாகத் தமிழ் பேசுகிறவர், இப்போது சுத்த மலையாளத்துக்கு மாறினார்.

"சேச்சீ, எனிக்கு தமிழ் அத்ர அறிஞ்ஞுகூடா கேட்டோ. குளவி குத்தி, ஆஸ்பத்திரியில் போயி. அத்ரெயே மனசிலாயுள்ளு."

அவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாதாம்; குளவி கொட்டியது, ஆஸ்பத்திரிக்குப் போனது, அவ்வளவுதான் புரிந்ததாம். பிறகு பழைய தாளைக் கிழித்தார். புதுத் தாளை எடுத்தார். மறுபடி தமிழ் வந்துவிட்டது.

"மகளோட நடத்தை எப்படி?"

"தங்கம்," என்றாள் அம்மா.

ஸ்வபாவம் என்கிற கட்டத்துக்கு எதிரே வளரெ நல்லது என்று எழுதினார். அம்மாவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். நடத்தை ரொம்ப நல்லது என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினார். அவர் வாழ்க்கையில் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். அம்மா தமிழில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, "கொச்சே, கோர்ட்டில இங்ஙனெ கத்தரு கேட்டோ," என்றார். கோர்ட்டில் இப்படிக் கத்தாதே என்று எனக்கு முதலில் புத்தி சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் ஜீப்பில் எனக்குப் பேச்சே வரவில்லை. அதுவே அம்மாவுக்குப் பயமாகிவிட்டது போல.

"என்னடி, உடம்பு சரியில்லயா?"

"எழுத்துல பொய் சொல்லக் கூடாதுன்ன. அன்னிக்கு ஆபீசுல கையெழுத்துப் போட்டது என்னவாம்?"

"அது எங்குட்டுப் பொய்யி? நான் பெத்தது எறிஞ்சா நான் எறிஞ்சதுதான்."

"காய்ச்சல்னு படுத்திருந்தியே, அது?"

"அதுக்குத்தான் ஒரு வாரம் நீ வச்ச உப்பில்லாத கஞ்சியக் குடிச்சேன்ல," என்றாள். "அனுபவிச்சாச்சு, விடு."

வெள்ளிக்கிழமை தாள் போய்ச் சேர்ந்தது. பதிவுக்கான உறுதிமொழிப் படிவத்தில், என் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இருந்ததில்லை என்று கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. வழக்கு எதுவும் இல்லைதான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் பேனா அங்கே கொஞ்சம் நின்றது. பதிவு நாளன்று அம்மா போடியில் எடுத்த புதுச் சேலையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவரில் ஒருத்திக்கு நன்னடத்தைச் சான்றிதழும் ஒருத்திக்கு மெமோவும் கிடைத்திருந்தன. கொடுத்தவர்கள் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அதனால் கவுன் போட்டதும் நான் எழுதிய முதல் மனு எங்கள் எஸ்டேட் ஆபீசுக்குத்தான். டிஸ்பென்சரி கண்ணாடியை உடைத்தது இந்தத் தொழிலாளி அல்ல, அவர் மகள். ஆகவே அவர் ஃபைலில் உள்ள மெமோவை நீக்க வேண்டும். சீனியர் படித்துப் பார்த்தார். டிராஃப்ட் பிரமாதம், புத்திதான் போதாது, கிடைத்த சான்றிதழை நீயே கிழித்துக்கொள்ளப் பார்க்கிறாயே என்றார். இதற்காக யாரும் என் கவுனைக் கழற்ற மாட்டார்கள், கழற்றினால் அப்போது வாதாடிக்கொள்கிறேன் என்றேன்.

ஃபைல் அம்மாவுடையது, எனவே மனுவில் அம்மா கையெழுத்து வேண்டும். தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். முழுதும் படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினேன். அவள் முகம் சிவந்தது. நான் கோபத்தை யாரிடமிருந்து எடுத்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"யாரக் கேட்டு எழுதுன? அது என் கண்ணாடி. நான்தான் ஒடச்சேன். பொய்யில எல்லாம் என்னால கையெழுத்துப் போட முடியாது."

பேனாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குக் கிளம்பிவிட்டாள். மனு இன்னும் என் மேசை மேல் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன கேஸ், ஏன் இன்னும் தாக்கல் செய்யவில்லை என்று கேட்பார்கள். கட்சிக்காரர் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லுவேன். சுபாவம் ரொம்ப மோசம்.